மஞ்சள் கடுதாசியும் பி.எஃப். பணமும்



ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால், இனி அவருக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்றே நாம் எண்ணுகிறோம். கடனில் சிக்கியவரும் அப்படித்தான் எண்ணுகிறார். ஆகவே நீதிமன்றத்துக்குப் போகுமுன்பே, பல ஆண்டு உழைப்பில் சேர்ந்த பி.எஃப். பணத்தை எடுத்து, வாசலில் வந்து சத்தம் போடுகிறவர் கையில் கொடுத்துவிடுகிறார். அது வட்டிக்கே போதுவதில்லை. பிறகு நொடிப்பு மனுவும் போடவேண்டியதாகிறது. அவருக்கென்று சட்டம் தனியே ஒதுக்கி வைத்திருந்த பணம் அது என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. இதைக் குறித்து இன்று சற்றுச் சிந்திப்போம்.

2016-இல் புதிய திவால் சட்டம் வந்தது உண்மை. ஆனால் தனிமனிதரைப் பொறுத்தவரை, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அது 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்குச் சென்னை நகரில் 1909-ஆம் ஆண்டுச் சட்டம், பிற இடங்களில் 1920-ஆம் ஆண்டுச் சட்டம். ஒருவர் நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் அவருடைய சொத்து அவர் கையைவிட்டுப் போகிறது. அதைப் பொறுப்பேற்பவர் விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுகிறார். நிலம், நகை, வங்கி வைப்பு, சீட்டுப் பணம் எல்லாம் இதில் அடங்கும். மனைவி பெயருக்கு வீட்டை மாற்றிவிட்டால் தப்பலாம் என்பதும் வீண் நம்பிக்கை. மாற்றிய இரண்டு ஆண்டுக்குள் நொடிப்பு மனு வந்தால், அந்த மாற்றத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம்.

பி.எஃப். கதை வேறு. 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டமே தன் 10-ஆம் பிரிவில், உறுப்பினரின் கணக்கில் உள்ள தொகையை எந்தக் கடனுக்காகவும் ஜப்தி செய்ய முடியாது, அடகு வைக்கவும் முடியாது, நொடிப்புச் சொத்தைப் பொறுப்பேற்பவருக்கும் அதில் உரிமை இல்லை என்று எழுதி வைத்தது. உறுப்பினர் இறந்துபோனால் நியமனதாரருக்குச் சேரும் தொகைக்கும் இதே காவல் உண்டு. தந்தையின் கடனைக் காட்டி அதைக் கேட்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு பி.பி.எஃப். சேமிப்பையும், ஓய்வூதியத்தையும், பணிக்கொடையையும், கடன்பட்டவரின் ஆயுள் காப்பீட்டுத் தொகையையும் இவ்வாறே விலக்கி வைக்கிறது. சமையல் பாத்திரமும் கைவினைஞரின் கருவிகளும் அதே பட்டியலில் இருக்கின்றன! திரிகைக்கல்லை அடகாக வாங்காதே என்று இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரம் கட்டளையிட்டதை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி.எஃப். பணம் நிதியில் இருக்கும்வரைதான் இந்தக் காவல் உறுதியானது. எடுத்து வங்கியில் போட்டுவிட்டால் அது மற்றப் பணத்தோடு பணம் ஆகிவிடுகிறது. ஓய்வூதியமும் பணிக்கொடையும் கைக்கு வந்த பிறகும் தம் தன்மையை இழப்பதில்லை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தாலும் அதை நிரூபிக்க வழக்காட வேண்டும், அவற்றைத் தனிக்கணக்கில் வைத்திருக்கவும் வேண்டும். முதுமைக்கென்று நாமே பெயரிட்டுப் போட்ட சாதாரண வைப்புத்தொகைக்கு எந்தக் காவலும் இல்லை.

கடனைத் திருப்பாமல் இப்படிப் பணம் வைத்திருப்பது பாவமில்லையா என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். கடன் கொடுத்தவரும் ஒருவேளை மகளின் திருமணத்துக்கு வைத்திருந்ததைக் கொடுத்த ஏழையாக இருக்கலாம். அவரை மறந்துவிட நமக்கு உரிமையில்லை; நீதிமன்றம் விடுவித்த பிறகும், முடிகிறபோது சிறிது சிறிதாகத் தருவது நேர்மை. ஆனால் முதுமையில் மருந்துக்கும் கஞ்சிக்கும் பிள்ளைகளிடம் கையேந்தும்படி தன்னை ஆக்கிக்கொள்வதை நேர்மை என்று நாம் சொல்லமாட்டோம். ஓய்வூதியரின் ஏ.டி.எம். அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மாதாமாதம் பணம் எடுக்கிறவரை நினைத்தால்தான் நமக்கு வருத்தம். அரசு ஓய்வூதியத்தை இப்படி எழுதிக் கொடுப்பது செல்லாது என்று 1871-லேயே சட்டம் வந்துவிட்டது.

கடன் கழுத்தை நெரிக்கிற வீட்டில், பி.எஃப். விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டணத்துக்கு வழியில்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், தொழிலாளர்களுக்கும் அங்கே சட்ட உதவி இலவசம். போகும்போது பி.எஃப். கணக்கு விவரத்தையும், எழுதிக் கொடுத்த பிராமிசரி நோட்டுகளின் நகல்களையும் கையோடு கொண்டுபோகட்டும்.