துறையும் கிளைத்துறையும்: கணினி விளையாட்டொன்றில் பாத்திரம் அமைத்தல்

எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு பேச்சுப் பயிற்சி வைப்பதுண்டு. தாம் நன்கறிந்த ஒரு பொருளைப் பற்றி ஐந்து நிமிடம் தமிழிலேயே பேசுதல் வேண்டும் என்பதே அதன் ஒரே விதி. பெற்றோர் எழுதிக் கொடுத்ததை மனனஞ் செய்து வந்து ஒப்புவிப்பதே பெரும்பாலும் நடப்பது. இம்முறை பதினெட்டு வயது நிரம்பிய மாணவர் ஒருவர் எழுந்து, தாம் ஆடும் கணினி விளையாட்டில் தமது வீரனுக்கு எந்த 'சப்கிளாஸ்' பொருத்தமானது என்பது பற்றிப் பேசப்போவதாக அறிவித்தார். ஐந்து நிமிடம் இருபது நிமிடமாயிற்று. பின்வரிசையிலிருந்து மூவர் எழுந்து மறுத்துரைத்தனர். ஓராண்டாக வகுப்பில் வாய் திறவாதிருந்த ஒருவரும் அவர்களுள் இருந்தார். இத்துணை ஊக்கத்தோடு எமது வகுப்பில் ஒரு விவாதம் நிகழ்ந்ததை நாம் முன்னர் கண்டதில்லை. ஆனால், அவர்கள் பேசியவற்றுள் வினைச்சொற்கள் மாத்திரமே தமிழாயிருந்தன.

ஆகவே அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் சொல்லாக்கத்திற் கழிந்தன. 'கிளாஸ்' என்பதற்கு 'வகுப்பு' என்றார் ஒருவர்; அது பள்ளிக்கூட நினைவையே தந்தது. அகராதியைப் புரட்டி 'குலம்' என்றார் இன்னொருவர். அதனை நாம் ஏற்கவில்லை. குலம் பிறப்போடு ஒட்டி வருவது; இதுவோ ஆடுபவர் தாமே தெரிந்தெடுப்பது. ஈற்றில் 'துறை' என்றும், அதன் உட்பிரிவைக் 'கிளைத்துறை' என்றும் முடிவாயிற்று. 'பைற்றர்' என்பதைப் 'போராளி' எனலாமே என்று ஒரு மாணவி கேட்டார். எம் தலைமுறையினர்க்கு அச்சொல்லின் கனம் வேறு. விளையாட்டுக்கு 'வீரன்' போதும் என்றோம்.

இவ்விளையாட்டு யாது? 'போல்டர்ஸ் கேற் 3' என்பது இதன் பெயர். பெல்ஜியம் நாட்டின் கென்ற் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட லாரியன் நிறுவனம் 2023 ஓகஸ்ட் 3 ஆம் திகதி இதனை வெளியிட்டது. இதன் வேர் கணினியில் இல்லை. 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அமைத்த 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டே இதன் தாய். நண்பர் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை வளர்க்கும் விளையாட்டு அது. தொடக்கத்தில் வீரன், மந்திரவாதி, பூசகர் என மூன்றே துறைகள் இருந்தன. காலப்போக்கில் துறைகள் பெருகின. ஒவ்வொரு துறையும் கிளைவிட்டது. போல்டர்ஸ் கேற் 3 வெளிவந்தபோது அதில் 12 துறைகளும் 46 கிளைத்துறைகளும் இருந்தன. 2025 ஏப்பிரலில் துறைக்கு ஒன்றாக மேலும் 12 சேர்க்கப்பட, இன்று 58 உள்ளன.

பெற்றோர்க்கு இவ்விடத்தில் ஒரு சொல். இவ்விளையாட்டு ஐரோப்பாவில் 18 வயதினர்க்கும் அதற்கு மேற்பட்டோர்க்கும் உரியது எனத் தரப்படுத்தப்பட்டுள்ளது. குருதியும் காமமும் இதில் உண்டு. அண்ணன்மார் ஆடும்போது தம்பிமார் அருகிலிருந்து பார்ப்பதை நாம் விரும்பவில்லை. கீழ்வகுப்பு மாணவர்கள் இக்கட்டுரையிலுள்ள கணக்கை மட்டும் படித்தாற் போதுமானது.

விளையாட்டில் அனுபவம் கூடக்கூடப் பாத்திரம் படிப்படியாக உயரும். 12 ஆம் படியே உச்சம். கிளைத்துறையைத் தெரியும் வேளை எல்லாத் துறைக்கும் ஒன்றன்று. பூசகர் முதலிய நான்கு துறையினர் முதற் படியிலேயே தெரிய வேண்டும். மந்திர நூல் கற்ற வித்தகரும், விலங்குருக் கொள்ளும் வனமுனிவரும் இரண்டாம் படியில் தெரிவர். வீரன், கள்வன், பாணன் உள்ளிட்ட எஞ்சிய அறுவரும் மூன்றாம் படிவரை காத்திருப்பர். இவ்வேறுபாட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. பூசகர்க்கு ஆற்றல் தருவது அவர் வழிபடும் தெய்வம். சோர்சரர்க்கு அது பிறப்பிலேயே குருதியில் ஊறியது. வோர்லொக் என்பவர்க்கு அது ஓர் அமானுடச் சக்தியுடன் செய்த உடன்படிக்கை. பலடின் என்னும் சபதவீரர்க்கு அவர் எடுத்த சபதம். ஊற்று எதுவென்று அறியாமல் இவர்களுக்கு ஆற்றலே இல்லை. வீரனோ முதலில் வாள் பிடிக்கப் பழகுகிறான். எவ்வகை வீரனாவது என்பதைப் பின்னரே எண்ணுகிறான்.

எமது மாணவரின் ஐயம் இந்த மூன்றாம் படியில் எழுந்ததே. தொடக்கத்தில் வீரனுக்கு இருந்த கிளைகள் மூன்று. 'சம்பியன்' என்பவன் பேரடி அடிக்க வல்லவன். 'பற்றில் மாஸ்ரர்' போர்த் தந்திரம் அறிந்தவன். 'எல்ட்ரிச் நைற்' வாளோடு சிறிது மந்திரமும் கற்றவன். சம்பியனே சிறந்தவன் என்பது மாணவரின் கட்சி. நாம் ஊரிற் கணிதம் கற்பித்தவர்; ஆதலால் கரும்பலகைக்குச் சென்றோம்.

இவ்விளையாட்டில் ஒவ்வொரு வீச்சுக்கும் இருபது முகமுள்ள பகடையொன்று உருளும். 20 விழுந்தால் பேரடி. அதாவது இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு. சம்பியனுக்கு 19 விழுந்தாலும் பேரடியே. அவனது வாய்ப்பு இருபதில் இரண்டு. வாய்ப்பு இருமடங்காகிறது என்று கேட்கும்போது பெரிதாகத்தான் தோன்றும். அந்த இருமடங்கு எதன் இருமடங்கு என்று கேட்க வேண்டும். இருகை கொண்டு வீசும் பெருவாளின் சேதத்தை அறுமுகப் பகடை இரண்டு தீர்மானிக்கும், சராசரி 7. பேரடியில் அப்பகடைகள் இரட்டிக்கும். எனவே கிடைப்பது மேலதிகமாக 7. ஆக, இருபது முறை வாள் வீசினால் மற்ற வீரனைவிடச் சம்பியன் சராசரியாக 7 புள்ளி கூடுதலாக ஈட்டுவான்.

பற்றில் மாஸ்ரருக்கு மூன்றாம் படியில் எண்முகப் பகடை நான்கு வழங்கப்படும். ஒவ்வொன்றின் சராசரி 4.5, நான்குக்கும் 18. சிறு ஓய்வு எடுத்ததும் நான்கும் மீளும். 18 புள்ளியைச் சம்பியன் எட்டுவதற்கு ஏறத்தாழ 51 தடவை வாள் வீச வேண்டும். மூன்றாம் படியில் ஒரு சண்டையில் வீரன் வீசுவது பத்துத் தடவைக்கும் குறைவே. தவறிய வீச்சுக்களுக்குச் சற்றுக் கழித்தாலும் விடை பெரிதும் மாறாது. அன்றியும், தந்திரப் பகடை சேதத்தோடு நிற்பதில்லை. பகைவனை விழுத்தும், படைக்கலத்தைப் பறிக்கும், அச்சுறுத்தும். மேற்படிகளில் வீரன் ஒரே முறையில் இரண்டும் மூன்றும் வீச்சுப் பெறுகையில் சம்பியன் ஓரளவு நெருங்கி வருவான் என்பதையும் சொல்லவேண்டும். இதனைக் கணித்து முடித்தபோது வகுப்பில் சிறிது நேரம் அமைதி. நிகழ்தகவு கற்பிக்க இதனினும் நல்ல உதாரணம் எமக்கு முன்னர் கிட்டியதில்லை.

எண்ணால் மட்டும் முடிவுசெய்யக் கூடாத இடங்களும் உள. இங்கு கூடிச் செல்வோர் நால்வர். தனியொருவரின் வலிமையைக் காட்டிலும் நால்வரும் சேர்ந்து நிற்பதே பொருட்டு. கூட்டத்தில் காயம் ஆற்றுவார் எவருமில்லையேல், பூசகர்க்குரிய கிளைகளுள் 'உயிர்'க் கிளை கைகொடுக்கும்; அவர் ஆற்றும் காயம் பிறர் ஆற்றுவதிலும் கூடுதலாக ஆறும். ஆற்றுவார் வேறொருவர் இருப்பின் 'ஒளி'க் கிளையை நாடலாம். பூசகர்க்கு இயல்பாக இல்லாத தீயுருண்டை மந்திரம் அக்கிளையாருக்கு ஐந்தாம் படியில் வந்து சேரும். இன்று கிடைப்பதை மட்டும் பாராது, ஐந்தாம் படியிலும் பத்தாம் படியிலும் என்ன வரும் என்று முன்னரே வாசித்து வைத்தல் நன்று. வித்தகருள் 'எவோகேசன்' கிளையார் எறியும் நெருப்பு அருகில் நிற்கும் தோழரைச் சுடாது. புதிதாக ஆடுவோர் பகைவரிலும் பார்க்கத் தோழரையே அதிகம் சுடுவதனால் இது அவர்களுக்கு உகந்தது. கள்வர் துறையில் 'அசாசின்' திடீர்த் தாக்குதலின் முதற் சுற்றில் மிளிர்வான். 'தீஃப்' ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறுசெயல் கூடுதலாகப் பெறுவான். பதுங்கி நிற்கப் பொறுமையில்லாதார் முன்னதைத் தெரிந்தால் வருந்துவர்.

சபதவீரரின் நிலை விந்தையானது. அவருக்கு ஆரம்பத்தில் மூன்று சபதங்கள் இருந்தன. எடுத்த சபதத்துக்கு மாறாக நடந்தால் 'ஓத் பிறேக்கர்', அதாவது சபதம் முறித்தவர், என்னும் கிளை அவரை வந்தடையும். 58 கிளைகளுள் எவரும் பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்க முடியாதது இது ஒன்றே. நடத்தையினாலேயே கிடைப்பது.

பிழையாகத் தெரிந்துவிட்டால்? பாசறையில் விதர்ஸ் என்னும் உலர்ந்த எலும்புக்கூடு போன்ற கிழவர் ஒருவர் நிற்பார். அவரிடம் 100 பொற்காசு கொடுத்தால் துறையையும் கிளைத்துறையையும் ஆற்றல் அளவுகளையும் மீண்டும் முதலிலிருந்து அமைத்துக்கொள்ளலாம். எத்தனை முறையும் மாற்றலாம். ஆனால் இனத்தை மாற்ற இயலாது. பிறந்த இனத்தை விதர்ஸாலும் மாற்ற முடிவதில்லை.

இக்கிழவரைப் பற்றி மாணவர் விவரித்தபோது எமக்கு ஊர் நினைவு வந்தது. அங்கு சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும், பதினாறு பதினேழு வயதில், உயர்தரத்துக்குக் கணிதமா, உயிரியலா, வர்த்தகமா, கலையா என்று தெரிய வேண்டும். எம்மிடம் படித்த மாணவர் ஒருவர் பழுதான வானொலிகளைத் திருத்துவதில் விண்ணர், கணிதமும் வரும். தந்தையார் உயிரியல் என்றார். எம்மிடம் கருத்துக் கேட்டார்கள். "டொக்டரானால் நல்லதுதானே" என்று நாமும் சொன்னோம். மாணவரைத் தனியே அழைத்து ஒரு வார்த்தை கேட்டோமில்லை. மூன்று தடவைக்கு மேல் அப்பரீட்சை மூலம் பல்கலைக்கழகம் புக முடியாது. மூன்று தடவையும் தோற்றினார், இடம் கிடைக்கவில்லை. நாம் இந்நாட்டுக்கு வந்து, கரும்பலகையை விட்டுப் பொருட்கிடங்கொன்றில் பெட்டி அடுக்கத் தொடங்கிய நாட்களில், அவர் முகமே அடிக்கடி நினைவில் வந்தது. எமது துறை மாறியதற்கு எவரும் 100 காசு கேட்கவில்லை. எம் விருப்பத்தையும் கேட்கவில்லை.

எமது பிள்ளைகள் பலர் விரைவில் இந்நாட்டு உயர்கல்விக்கான பாடங்களைத் தெரியவேண்டியவர்கள். தாம் ஆடும் பாத்திரத்துக்கு எது பொருந்தும் என்று இரண்டு கிழமை வாதிட்டவர்களிடம், தமக்கு எது பொருந்தும் என்று வீட்டில் எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்று கேட்டோம். சிலர் சிரித்தனர். ஒருவர் "எங்கள் அப்பா சொல்லிவிட்டார் சேர்" என்றார்.

நிற்க. பேசிய மாணவர் எக்கிளையைத் தெரிந்தார் என வாசகர் கேட்கலாம். அடுத்த சனிக்கிழமை நாமும் ஆவலோடு வினவினோம். சம்பியனையே தெரிந்ததாகச் சொன்னார். எமது கணக்கில் பிழை உண்டோ என்றோம். "கணக்குச் சரி சேர். ஆனால் கிழமை முழுவதும் படித்துவிட்டு வந்து, விளையாட்டிலும் பகடை மிச்சம் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. வாளை வீசினாற் போதும்" என்றார். முழுவதையும் தமிழிலேயே சொன்னார். அவர் பேச்சுக்கு நாம் புள்ளி குறைக்கவில்லை.