கைக்கு ஏற்ற பிடி

கத்தி வாங்குவோர் முதலில் நோக்குவது அதன் அலகையே. கூர்மையைத் தடவிப் பார்ப்பர். பிடியை ஆராய்வோர் சிலரே. ஆனால், கத்தி கைநழுவுவதும் வேலையின் நடுவே ஒடிவதும் பல வேளைகளில் பிடியின் குறையால் நேர்பவை. இக்குறை கற்பிட்டி, உடப்பு, சிலாபம் முதலிய புத்தளக் கரையோர ஊர்களில் இன்னும் விரைவாக வெளிப்படும். ஏன் என்று பார்ப்போம்.

அங்கே ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இடையிடையே உப்பளங்கள். காற்றே உப்பைச் சுமந்து வருகிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐக் கடந்தால், உப்பு தானே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். மரத்துக்கும் இரும்புக்கும் இடைப்பட்ட இடுக்கில் புகுந்த உப்பு, இரவுதோறும் அவ்விடத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் மிகுந்த இடத்தை அடைப்பது. எனவே அது மரத்தை உள்ளிருந்து நெருக்கிப் பிளக்கும். இரும்பையும் அரித்து மெலியச் செய்யும். வெளியே பளபளக்கும் பிடியினுள் கத்தியின் வால் நைந்து கிடப்பதை ஒடியும் வரை எவரும் அறியார்.

துப்பாக்கிக்கும் இதே இலக்கணந்தான். ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்த கற்பிட்டிக் கோட்டையின் காவலர் ஏந்திய துப்பாக்கிகளும் மரத்தில் அமைந்தவையே. கைத்துப்பாக்கிப் பிடியில் இரு மரப் பலகைகள் இரும்புச் சட்டத்தின் இருமருங்கிலும் திருகாணியால் பொருந்தும். கத்திப் பிடியில் அவை தறையாணியால் பொருந்தும். ஆயினும் துப்பாக்கி வைத்திருக்க 1916ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும். கத்தியோ எல்லாருடைய கருவி. ஆதலின் கத்தியைக் கொண்டே செய்முறையை விளக்குவோம்.

முதலாவது, மரம். கரையோரத்தில் எளிதில் கிடைக்கும் பூவரசு அரத்துக்கு இணங்கும், விரைவில் உளுக்காது. புளியின் வைரம் கடினமானது. முதிரை அழகியது, எனினும் அதன் தூள் சிலருக்குத் தோல் எரிச்சலைத் தரும், ஆகவே மூக்கையும் கையையும் மூடிக்கொள்க. எம்மரமாயினும் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரமரம் பின்னர் குறுக்குவாட்டில் சுருங்கி, ஆணியைச் சுற்றி வெடிக்கும். நார் பிடியின் நீளவாக்கில் ஓடுமாறு அறுக்க வேண்டும்.

இரண்டாவது, வடிவம். பிடி உருண்டையாக இருத்தல் ஆகாது. முட்டை வடிவாயின், இருளில் வலை அறுப்பவனுக்கும் அலகு எப்பக்கம் திரும்பியுள்ளதென்று உள்ளங்கையே சொல்லும். கடைசிப் பகுதியைச் சற்றுப் பருமனாக விட்டால் ஈரக்கை வழுக்காது. அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்து, இடையிடையே உரியவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். மணல்தாளால் தேய்த்தபின் ஒருமுறை நீர் தடவி உலர்த்துக. எழுந்த நார்களை மீண்டும் தேய்த்து நீக்குக. இல்லையேல் முதல்நாள் கடலிலேயே பிடி சொரசொரக்கும்.

மூன்றாவது, பலரும் விட்டுவிடும் செயல்: உட்பக்கம். மரத்தைப் பூட்டுமுன் கத்தியின் வாலைத் துருவின்றித் துடைத்து, மரத்தின் உள்முகத்துக்கும் ஆணித் துளைகளுக்கும் எண்ணெய் ஊட்டாமல் எப்பொக்சிப் பசையை இடைவெளியின்றி நிரப்பிப் பூட்ட வேண்டும். முன்னாளில் இவ்வேலைக்கு அரக்கை உருக்கி ஊற்றினர். அது சூட்டில் இளகுவது.

இறுதியாக, வெளிப்பூச்சு. தென்னை மிகுந்த மாவட்டமாதலால் தேங்காயெண்ணெய் பூசத் தோன்றும். அது உலர்ந்து இறுகாது, பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும் இயல்புடையது. மெல்லியதாகப் பூசி, மிகுதியைத் துடைத்து, முற்றும் உலர்ந்தபின் மறுபூச்சு இடுக. துடைத்த துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். அதை விரித்து வெளியில் உலர்த்துக, அல்லது நீரில் அமிழ்த்துக.

வாங்கும்போது மரமும் இரும்பும் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் உள்ளே இறங்குமாயின், உப்பும் இறங்கும். அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கரையோரத்தில் உழைப்பவனின் விரல்களைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த உட்பூச்சுத்தான்.