அவனுக்கும் வலிக்கும்

மூணாறு மலை. தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு லயத்தில் ஓர் அம்மா இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கொழுந்து பறிக்கிறாள். அவள் மகனுக்கு 19 வயது. உடல் வளர்ந்துவிட்டது. அறிவு வளர்ச்சி குறைவு. நாலைந்து சொல்தான் பேசுவான். ஆனால் சாது. குடத்தில் தண்ணீர் கொண்டு வருவான். ஆட்டுக்குத் தழை போடுவான்.

ஒரு நாள் அவன் சோறு வேண்டாம் என்று தள்ளினான். மறுநாள் தன் கையைத் தானே கடித்தான். கன்னத்தில் அறைந்துகொண்டான். இரவு முழுவதும் கத்தினான்.

"பைத்தியம் முற்றிவிட்டது" என்றார்கள் பக்கத்து வீட்டார். "மந்திரித்துப் பார்" என்றார் ஒருவர். அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். "இந்த மாதிரிப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று அங்கே சொன்னார்கள். தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

ஐந்தாம் நாள் ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, இவன் எந்தக் கன்னத்தில் அடிச்சுக்கிறான்?"

"எப்பவும் இடது பக்கம்தான்."

"வாயைத் திறந்து பார்த்தீங்களா?"

பார்த்தார்கள். கடைவாய்ப் பல் சொத்தை. ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. பல் மருத்துவர் மருந்து கொடுத்தார். பிறகு பல்லைப் பிடுங்கினார். வலி நின்றது. பையன் கஞ்சி குடித்தான். கையைக் கடிக்கவில்லை.

அவனுக்கு வந்தது பல்வலி. அதைச் சொல்ல அவனிடம் சொல் இல்லை. அவ்வளவுதான்.

இது பைத்தியமா?

அறிவு வளர்ச்சிக் குறைபாடு மனநோய் அல்ல. மனநோய் நடுவில் வரலாம். மருந்தால் குணமாகலாம். அறிவு வளர்ச்சிக் குறைபாடு பிறப்பிலோ சிறு வயதிலோ வருவது. கற்பதும் பேசுவதும் தாமதமாகும். பிரசவத்தின்போது குழந்தைக்கு மூச்சு முட்டினால் வரலாம். மூளைக் காய்ச்சலால் வரலாம். கருவுற்ற தாய்க்கு அயோடின் சத்து மிகவும் குறைந்தாலும் வரலாம். டவுன் சிண்ட்ரோம் என்பது கருவிலேயே உண்டாவது. இது தாயின் குற்றம் அல்ல. முன்வினைப் பாவமும் அல்ல.

இவர்களுக்கும் மற்றவர்களைப் போல எல்லா நோயும் வரும். சில நோய்கள் கூடுதலாகவே வரும். வலிப்பு பலருக்கு உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் கோளாறு இருக்கும். தைராய்டு, காது, கண் ஆகியவற்றையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

எங்கே தவறு நடக்கிறது?

கத்தினால் "குறைபாட்டினால் கத்துகிறான்" என்கிறோம். சாப்பிடாவிட்டால் "பிடிவாதம்" என்கிறோம். உள்ளே இருக்கும் நோயை யாரும் தேடுவதில்லை. நோய் முற்றிவிடுகிறது.

இது ஏழை நாட்டில் மட்டும் நடப்பது அல்ல. இங்கிலாந்தில் மருத்துவம் இலவசம். அங்கே 2013ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஆண்கள் மற்ற ஆண்களைவிடச் சராசரியாக 13 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று அது சொன்னது. பெண்கள் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை தருவதிலும் ஏற்பட்ட தாமதம் இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நம் எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும், பாலக்காட்டில் சித்தூர் வட்டத்திலும் தமிழ் பேசுவோர் ஏராளம். மருத்துவர் பெரும்பாலும் மலையாளத்தில் கேட்பார். பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. தாய்க்கு அந்த மொழியில் விளக்கத் தெரியாது. ஒரே கதவில் இரண்டு பூட்டு.

சமம் என்றால் என்ன?

காது கேளாத ஒருவர் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருந்து எல்லோரையும் போல அவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவாரா? பக்கத்தில் போய்த் தொட்டுத்தான் கூப்பிட வேண்டும். அதுதான் அவருக்குச் சமம். கூட்டத்தைக் கண்டு மிரளும் பிள்ளையை முதலில் பார்த்து அனுப்புவதும் அப்படித்தான். அது சலுகை அல்ல, உரிமை.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 25ஆம் பிரிவு மருத்துவம் பற்றியது. வீட்டுக்கு அருகில், குறிப்பாகக் கிராமங்களில், இலவச மருத்துவம் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்குக் குடும்ப வருமான வரம்பு உண்டு. பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தர வேண்டும். தனியார் மருத்துவமனையிலும் தடையின்றிப் போய்வர வசதி இருக்க வேண்டும்.

'நிராமயா' என்ற காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. தேசிய அறக்கட்டளை அதை நடத்துகிறது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகியவை உள்ளவர்கள் இதில் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். சேரும்போது மருத்துவச் சோதனை இல்லை. ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்க வேண்டும். அங்கன்வாடி டீச்சர், ஆஷா பணியாளர், பஞ்சாயத்து மெம்பர் ஆகியோரிடம் வழி கேட்கலாம்.

அக்கம்பக்கத்தில் நல்ல முயற்சிகளும் உண்டு. மூணாறில் 'சிருஷ்டி' என்ற அமைப்பு இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் வீட்டு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். வளர்ந்தவர்கள் காகிதம் செய்கிறார்கள், துணிக்கு இயற்கைச் சாயம் ஏற்றுகிறார்கள். கேரளத்தில் பஞ்சாயத்துகளும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து 'பட்ஸ்' பள்ளிகளை நடத்துகின்றன. முதல் பட்ஸ் பள்ளி 2004இல் வெங்கானூரில் தொடங்கியது.

அம்மா எழுதிய சீட்டு

மறுபடி அந்த லயத்துக்குப் போவோம். அம்மா அறிவொளி வகுப்பில் எழுதப் படித்தவள். பல்வலிக்குப் பிறகு அவள் ஒரு தாளில் இப்படி எழுதினாள்:

"என் மகன் பேசமாட்டான். நாம் சொல்வது புரியும். மெதுவாகச் சொல்ல வேண்டும். வலித்தால் கையைக் கடிப்பான். எங்கே வலிக்கிறதோ அங்கே அடித்துக்கொள்வான். ஊசியை முதலில் காட்டிவிட்டுப் போட வேண்டும். சின்ன வயதில் வலிப்பு வந்தது. இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு இத்துடன் இருக்கிறது."

ஆஷா பணியாளர் அதன் கீழே மலையாளத்திலும் எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது, ஓ.பி. சீட்டோடு அந்தத் தாளையும் அம்மா மேசையில் வைத்தாள். மருத்துவர் படித்தார். பிறகு பையனைப் பார்த்து, "எங்கே வலிக்குது?" என்று கேட்டார். அவன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

உரிமை மறுக்கப்பட்டால் மனு எழுதலாம். சிறுபான்மை மொழிப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இதற்கு இடம் தருகிறது.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் லயத்திலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருக்கிறாரா? அவர் கடைசியாக மருத்துவரைப் பார்த்தது எப்போது?

2. அவருக்கு வலிக்கிறது என்பதை வீட்டார் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

3. அவருக்காக ஒரு சீட்டு எழுதுங்கள். அதில் முதல் வரி என்னவாக இருக்கும்?