கொப்புளத்தைக் கண்டு குடும்பத்தைக் கலைக்காதீர்!



சம்பளப் பிடித்தம், வீட்டுக்கூரை ஒழுகல் என்று புகார் கேட்டே பழகிய நம்மிடம் சென்ற ஆண்டு வேறொரு வழக்கு வந்தது. செம்பனைத் தோட்டம் ஒன்றில் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர், "அண்ணே, பெண்சாதியை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பப் போறேன். நீங்களே வந்து நியாயம் சொல்லுங்க" என்றார். கல்யாணமாகிப் பத்து வருஷம். மனைவிக்கு மறைவிடத்தில் கொப்புளம். 'ஹெர்பிஸ்' என்று சொல்லிவிட்டார்களாம். "எனக்கு ஒண்ணும் இல்லையே! அப்ப இது எங்கிருந்து வந்திச்சு?" என்பது அவர் கேள்வி. அந்த அம்மாளோ அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

நமக்கும் பதில் தெரியவில்லை. தெரியாத விஷயத்துக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது சங்கத்தில் நாம் கற்ற பாடம். இருவரையும் அரசாங்க மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அங்கே தெரிந்துகொண்டதை, அவ்விருவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறோம்.

ஹெர்பிஸ் ஒரு வைரஸ் கிருமி. இதில் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் உதட்டோரத்தில் கொப்புளிக்கும். காய்ச்சலோடு வருமே, 'உடம்புச் சூடு' என்று விட்டுவிடுவோமே, அதேதான். இரண்டாம் வகை உடலுறவால் தொற்றி மறைவிடத்தில் வரும். முதல் வகையும் வாய்வழியாக அங்கே தொற்றலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 50 வயதுக்குட்பட்ட 380 கோடிப் பேருக்கு முதல் வகை உண்டு. 15 முதல் 49 வயது வரையுள்ள 52 கோடிப் பேருக்கு இரண்டாம் வகை உண்டு.

புண் ஆறினாலும் கிருமி சாகாது. நரம்பின் வேரில் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், அலுப்பு, மனக்கவலை என்று உடம்பு அசந்த நேரத்தில் தலைகாட்டும். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அடையாளமே தெரியாது. ஆகவே இன்று கண்ட கொப்புளம் நேற்று நடந்த தப்புக்குச் சாட்சி ஆகாது. பல வருஷத்துக்கு முன்பே தொற்றியிருக்கலாம். புருஷனுக்கே தெரியாமல் அவரிடமிருந்தும் வந்திருக்கலாம். அதுவும் கல்யாணத்துக்கு முந்தியதாக இருக்கலாம்.

இதைக் கேட்டதும் அந்தத் தோழர் தலை கவிழ்ந்தார்.

கிருமியை அடியோடு ஒழிக்கும் மருந்து இல்லை. ஆனால் 'அசைக்ளோவிர்' மாத்திரையை ஆரம்பத்திலேயே சாப்பிட்டால் புண் சீக்கிரம் ஆறும். அடிக்கடி வருகிறவர்களுக்குத் தினமும் சாப்பிடும் முறையும் உண்டு. புண் இருக்கும்போது உடலுறவு வேண்டாம். மற்ற நாட்களில் ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. கக்கூஸ் பலகையால் இது ஒட்டாது; எனவே யாரையும் ஒதுக்கி வைக்காதீர்கள். மறைவிடப் புண் எல்லாமே ஹெர்பிஸ் அல்ல. கண்ட களிம்பைப் பூசாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கர்ப்பிணிகள் இதை மறைக்கவே கூடாது. பிரசவ நேரத்தில் குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள் பச்சைக் குழந்தையை முத்தமிட வேண்டாம்.

அந்த அம்மாள் தாய்வீடு போகவில்லை. ஆனால் விடைபெறும்போது நம்மிடம் ஒன்று சொன்னார்: "டாக்டர் சொன்னதை நம்பினாரு அண்ணே. நான் சொன்னப்ப நம்பலையே!"

தோழர்களே, உடம்பில் வந்த புண் ஆறிவிடும். மனசில் பட்ட புண்ணுக்கு எந்த ஆஸ்பத்திரியில் மாத்திரை தருவார்கள்? பழி சொல்லுமுன் விசாரியுங்கள்.