வெறுந்தொட்டியின் விரைவு

சுமையில்லாத வண்டி எளிதாக விரையும் என்றே பலரும் எண்ணுவர். அது பாதி உண்மை. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் சிறு லாரியின் பின்புறம் நின்று வந்தவர் மறுபாதியை அறிவார். ஒவ்வொரு குழியிலும் வண்டியின் பின்பகுதி துள்ளும். ஈரச் சாலையில் ஓட்டுநர் சற்று அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். சுமப்பதற்கென வகுத்த உடல், சுமை நீங்கியதும் நிலைகுலைகிறது. அத்தகைய உடலை எடுத்து, தொட்டியை வெறுமையாகவே விட்டு, பந்தய மகிழுந்துக்கு இணையாக ஓடவைப்போம் என்று அமெரிக்கப் பொறியாளர் சிலர் முனைந்தனர். அம்முனைப்பில் பிறந்தவையே விரைவோட்டப் பிக்கப்புகள். பகட்டும் விளம்பரமுமே இவ்வண்டிகளின் மேல் மக்களை மயங்கவைத்தன என்பார் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. தன் வடிவமே தனக்குப் பகையாய் நிற்கும் ஒரு பொருளை இயற்பியலின் துணையால் வசப்படுத்தியிருக்கிறார்கள். அதைக் கண்ணெதிரே காணும் வியப்பிலேதான் அந்த ஈர்ப்பு வேர்கொண்டிருக்கிறது.

1991ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஜிஎம்சி பிரிவு 'சைக்ளோன்' என்னும் சிறு பிக்கப்பை வெளியிட்டது. கரிய நிறம், இருவர் அமரும் அறை, பின்னால் ஆறடித் தொட்டி. தொலைவிலிருந்து பார்த்தால் உழவர் வீட்டு வண்டிதான். உள்ளே இருந்தது 4.3 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு உருளை எந்திரம். வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போ, உட்புகும் காற்றை அழுத்தி ஊட்டியது. அழுத்திய காற்று சூடேறும். சூடேறிய காற்றின் செறிவு குறையும். ஆகவே அக்காற்றை நீரின் துணையால் குளிர்வித்து உருளைகளுக்குள் செலுத்தினர். கிடைத்தது 280 குதிரைத்திறன். அவ்வாண்டு செப்டம்பரில் 'கார் அண்ட் டிரைவர்' இதழ் இவ்வண்டியை ஃபெராரி 348 மகிழுந்தோடு கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓடவிட்டது. சைக்ளோன் 14.1 நொடியில் கடந்தது, ஃபெராரிக்கு 14.5 நொடி ஆயிற்று. ஃபெராரியின் விலையோ இதனினும் நான்கு மடங்குக்கு மேல்.

இது எப்படி இயன்றது? திறனைக் கொண்டு மட்டும் விடை காண முடியாது. ஃபெராரியின் எந்திரம் இதற்குச் சற்றும் குறைந்ததன்று. விடை டயர் தரையைத் தொடும் நான்கு சிறு பரப்புகளில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் எடை ஏறத்தாழ 1,600 கிலோ. தொட்டி வெறுமையாக இருக்கையில் அதில் 40 விழுக்காடு, 640 கிலோ, பின்னச்சின் மேல் இருப்பதாகக் கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தொலைவு 2.75 மீட்டர். வண்டி முன்னே பாயும்போது எடையின் ஒரு பங்கு பின்னச்சுக்குப் பெயர்கிறது; பேருந்து கிளம்புகையில் நாம் பின்னால் சாய்கிறோமே, அதே விதிதான். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவு முடுக்கினால் பெயரும் பங்கு ஏறத்தாழ 175 கிலோ. அப்போதும் பின்னச்சின் மேல் நிற்பது மொத்த எடையில் பாதிதான். டயரின் உராய்வுக் கெழு 0.9 என்று கொண்டால், பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் வண்டி புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.45 பங்குக்கு மேல் பாய இயலாது. மணிக்கு 100 கி.மீ. விரைவை எட்ட அதற்கு 6 நொடிக்கு மேல் ஆகும். எந்திரத்தை இரு மடங்கு ஆற்றல் உடையதாக மாற்றினாலும் அந்த 6 நொடி குறையாது. மிகுந்த ஆற்றல் டயரைத் தேய்த்துப் புகையாகவே போகும்.

சைக்ளோன் பொறியாளர் இந்த வேலியைத் தாண்டக் கண்ட வழி, நான்கு சக்கரங்களையும் உந்தவைப்பது. எந்திரத்தின் முறுக்குவிசையில் 35 விழுக்காட்டை முன்னச்சுக்கும் 65 விழுக்காட்டைப் பின்னச்சுக்கும் பிரித்தனர். மேலே போட்ட கணக்கை உச்ச முடுக்கத்துக்கு நீட்டிப் பாருங்கள்: அந்நொடியில் பின்னச்சின் மேல் நிற்கும் எடை 60 விழுக்காட்டை நெருங்கும். விசையைப் பிரித்த அளவு, எடை தானாகப் பிரியும் அளவுக்கு அருகில் நிற்கிறது. இவ்வண்டியைப் பற்றி எண்ணுந்தோறும் என்னை மகிழ்விப்பது இந்தப் பொருத்தமே.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. தாழ்த்தப்பட்ட உடலையும் சாலைக்கென இசைவித்த வில்களையும் காக்கும்பொருட்டு, தொட்டியில் ஏற்றத்தக்க சுமையை 227 கிலோவோடு நிறுத்தினர். 75 கிலோ நெல் மூட்டை மூன்றை வைத்தால் முடிந்தது. 1991இல் செய்யப்பட்ட சைக்ளோன்கள் மூவாயிரத்துக்கும் குறைவு.

அந்தக் கால் மைல் ஓட்டத்தில் இன்னொரு செய்தியும் பொதிந்திருக்கிறது. எல்லைக் கோட்டைச் சைக்ளோன் முந்திக் கடந்தது. ஆனால் கோட்டைக் கடந்த நொடியில் ஃபெராரிதான் கூடுதல் விரைவில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டம் இன்னும் சிறிது நீண்டிருந்தால் முடிவு மாறியிருக்கும். தொடக்கத்தில் வெல்வது தரைப்பிடிப்பு. பின்னர் காற்று குறுக்கே வந்து நிற்கிறது. காற்றுத்தடை விரைவின் இருமடியாக வளர்கிறது. அதை முறியடிக்கத் தேவைப்படும் திறன் மும்மடியாக வளர்கிறது. விரைவை இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு வேண்டும். செங்குத்தான முகமும் சட்டென்று முடியும் அறையும் கொண்ட பிக்கப், காற்றுக்கு முன் ஒரு சுவர்.

டாட்ஜ் நிறுவனம் அந்தச் சுவரை வலிமையால் தள்ளிப் பார்த்தது. வைப்பர் என்னும் பந்தய மகிழுந்தின் 8.3 லிட்டர், பத்து உருளை எந்திரத்தைப் பெரிய ராம் பிக்கப்பில் பொருத்தி 'எஸ்ஆர்டி-10' எனப் பெயரிட்டது. திறன் 500 குதிரைத்திறன். 2004 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலத்துச் செல்சீ ஓட்டக்களத்தில் பிரெண்டன் காகன் அதை மணிக்கு 248.8 கி.மீ. விரைவில் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். முகப்புப் பரப்பு 3 சதுர மீட்டர், காற்றுத்தடைக் கெழு 0.45 என்று கொண்டு கணக்கிட்டால், அவ்விரைவில் காற்றைப் பிளக்க மட்டும் ஏறத்தாழ 360 குதிரைத்திறன் செலவாகிறது. சக்கர உருளலும் பல்லிணைகளின் உராய்வும் எஞ்சியதை விழுங்கிவிடுகின்றன.

அந்தச் சாதனை இரண்டே ஆண்டில் முறிந்தது. முறித்தது அதனினும் வலிமை குன்றிய வண்டி. 2006இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊமெராவில் மார்க் ஸ்கைஃப் ஓட்டிய ஹோல்டன் மாலூ, 400 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு மணிக்கு 271 கி.மீ. கடந்தது. நூறு குதிரைத்திறன் குறைவு, இருபத்திரண்டு கி.மீ. மிகுதி. வடிவமே இதைச் செய்தது. ஆஸ்திரேலியர் 'யூட்' என்றழைக்கும் இவ்வகை, மகிழுந்தின் தாழ்ந்த உடலிலிருந்து பிறந்தது. ஞாயிறன்று தேவாலயம் போகவும் திங்களன்று பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்று உழவர் மனைவி ஒருவர் ஃபோர்டு நிறுவனத்துக்கு எழுதிய மடலை அதன் தோற்றக் கதையாகச் சொல்வர். ஜீலாங் நகரில் லூ பாண்ட் வரைந்த வடிவம் 1934இல் சாலைக்கு வந்தது. தாழ்ந்த கூரையும் குறுகிய முகப்பும் எழுபது ஆண்டுக்குப் பின் உலகச் சாதனை தரும் என்று அன்று யார் கண்டார்!

காற்றைப் பற்றிய தவறான நம்பிக்கை ஒன்றும் உண்டு. தொட்டியின் பின்கதவைத் திறந்துவிட்டால் காற்று தடையின்றி ஓடி எரிபொருள் மிஞ்சும் என்று நம்புவோர் பலர். உண்மை இதற்கு மாறானது. பின்கதவு மூடியிருக்கையில் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடுகிறது. கூரையைத் தாண்டிவரும் காற்று அச்சுழலின் மேல் வழுக்கிச் செல்கிறது. கதவைத் திறந்தால் சுழல் கலைந்து, இழுவை கூடுகிறது.

விரைவோட்டப் பிக்கப்புகள் அமெரிக்காவில் வேர்பிடித்ததற்குச் சட்டத்தின் ஓர் இடைவெளியும் துணைநின்றது. 1970களில் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது மகிழுந்துகளின் எந்திரங்கள் ஆற்றல் இழந்தன. 6,000 பவுண்டு, அதாவது 2,722 கிலோ, மொத்த எடை வரம்பைத் தாண்டிய சரக்கு வண்டிகளுக்கோ புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி கட்டாயமாக இருக்கவில்லை. 1978இல் டாட்ஜ் வெளியிட்ட 'லில் ரெட் எக்ஸ்பிரஸ்' அவ்வரம்பைச் சற்றே தாண்டி நின்றது. அறையின் இருபுறமும் இரு நெடும் புகைப்போக்கிகள் எழுந்த அந்தச் செந்நிற வண்டியின் திறன் 225 குதிரைத்திறன். அவ்வாண்டுக் கார்வெட் என்னும் பந்தய மகிழுந்தின் வலிமை மிக்க எந்திரமே 220தான் தந்தது. அடுத்த ஆண்டே அந்த இடைவெளி அடைபட்டது. மூச்சுக்காற்றின் பொருட்டு அது அடைபட்டதே நன்று.

இதுவரை சொன்னது சமன்பட்ட சாலையின் கதை. இத்துறையின் உயர்ந்த பொறியியல் என்று நான் மதிப்பது பாலைநிலத்தில் பிறந்தது. பட்டறைக்காரர் கமான் பட்டை என்று சொல்லும் வில்பட்டைகள், டன் கணக்கான சுமையைத் தாங்கும் விறைப்புடையவை. வெறுந்தொட்டிக்கு அவ்விறைப்பு மிகை. ஆகவே மேட்டில் மோதியதும் பின்னச்சு எகிறுகிறது. சக்கரம் வானில் நிற்கும் நேரத்தில் உந்துதலும் இல்லை, தடுப்பாற்றலும் இல்லை. ஃபோர்டு 2010ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட 'ராப்டர்' இந்தச் சிக்கலை நேர்கொண்டது. சக்கரம் மேலுங்கீழும் அசையும் தொலைவை முன்னால் 28 செ.மீ., பின்னால் 31 செ.மீ. ஆகப் பெருக்கி, ஃபாக்ஸ் நிறுவனத்தின் அதிர்வடக்கிகளைப் பொருத்தியது.

அந்த அதிர்வடக்கியின் உள்ளமைப்பு எளிமையும் நுட்பமும் கூடியது. எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் பிஸ்டன் நகர்கிறது. உட்குழாயின் நடுப்பகுதிச் சுவரில் துளைகள் உண்டு. சிறு மேடுகளில் பிஸ்டன் நடுப்பகுதியில் அசைகையில் எண்ணெய் அத்துளைகள் வழியே சுற்றிக் கடந்துவிடும். எதிர்ப்பு மென்மையாக இருக்கும். பெரும்பள்ளத்தில் பிஸ்டன் ஓரத்துக்கு விரைகையில் துளைகள் முடிந்துவிடும்; எண்ணெய்க்குப் பிஸ்டனின் குறுகிய வாய்களே எஞ்சும்; எதிர்ப்பு படிப்படியாக இறுகும். கணினியும் இல்லை, மின்சாரமும் இல்லை. துளைகள் எங்கே இருக்கின்றன என்பதே அதன் அறிவு. 2,700 கிலோ எடையுள்ள வண்டி அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 13 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். அதில் பெரும்பங்கை இந்த எண்ணெய் வெப்பமாக்கி வெளியே விடுகிறது.

வியப்பைச் சொன்னவன் அச்சத்தையும் சொல்லியாக வேண்டும். 2021ஆம் ஆண்டின் ராம் டிஆர்எக்ஸ் பிக்கப் 702 குதிரைத்திறனும் ஏறத்தாழ 2.9 டன் எடையும் கொண்டது. ஒரே விரைவில் ஓடினாலும், ஒரு டன் எடையுள்ள சிறு மகிழுந்தைப் போல மூன்று மடங்கு இயக்க ஆற்றலை அது சுமந்து வருகிறது. உயர்ந்த முகப்பின் முன்னே நிற்கும் சிறு பிள்ளை ஓட்டுநரின் கண்ணுக்குப் படாமல் போகலாம். நகரத் தெருவில் இதற்கு இடமில்லை என்பது என் உறுதியான எண்ணம். பந்தயக் களமும் பாலைமணலுமே இதற்குரிய நிலம்.

சைக்ளோன் பொறியாளரை அலைக்கழித்த முரணுக்கு மின்னோடி வேறொரு தீர்வு கண்டிருக்கிறது. 2021இல் வெளிவந்த ரிவியன் ஆர்1டி பிக்கப்பில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மின்னோடிகள். மொத்தம் 835 குதிரைத்திறன். கனத்த மின்கல அடுக்கு இரு அச்சுகளுக்கிடையே தரையை ஒட்டிக் கிடப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்கிறது. தொட்டி வெறுமையாக இருந்தாலும் பின்னச்சு வெறுமையாக இருப்பதில்லை. எந்தச் சக்கரம் எவ்வளவு உந்த வேண்டும் என்பதைக் கணந்தோறும் தனித்தனியே அளந்து கொடுக்க முடிகிறது. 3,200 கிலோவுக்கு மேல் எடையுள்ள அவ்வண்டி மணிக்கு 97 கி.மீ. விரைவை ஏறத்தாழ மூன்று நொடியில் எட்டுகிறது. அதன் தொட்டியிலோ ஏறத்தாழ 800 கிலோ ஏற்றலாம்; நெல்லாக வைத்தால் பத்து மூட்டை.