சேதுபதியின் சித்திர மண்டபம்

இராமேசுவரம் செல்லும் யாத்ரீகர்கள் இராமநாதபுரத்தில் இறங்குவது அபூர்வம். ரயில் நின்றதும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "பாம்பன் பாலம் இன்னும் எவ்வளவு தூரம்?" என்று விசாரிப்பதோடு அந்த ஊருக்கும் அவர்களுக்கும் உள்ள சம்பந்தம் தீர்ந்துவிடும். நாங்கள் நால்வரும் அங்கே இறங்கினோம்.

எங்களில் ஒருவர் சமீபத்தில் இத்தாலி தேசத்துக்குப் போய் வந்தவர். நண்பர்களோடு பிளாரன்ஸ் நகரத்து மாளிகைகளைச் சுற்றியதையும், மேல்தளத்துச் சித்திரங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி கண்டதையும் மதுரையிலிருந்து வர்ணித்துக்கொண்டே வந்தார். பரமக்குடி தாண்டியதும், "நம் நாட்டு அரண்மனைகளில் அப்படி என்ன இருக்கிறது?" என்று ஒரு கேள்வியையும் போட்டார். பதில் சொல்வதைவிட, அவரைக் கையைப் பிடித்து இறக்குவதே சுலபமாயிருந்தது.

போகலூரிலிருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியவர் கிழவன் சேதுபதி. அந்தக் கோட்டைக்குள் அமைந்த கொலு மண்டபமே இராமலிங்க விலாசம். இப்போது அது தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே அடி வைத்ததும் நண்பர் பேச்சை நிறுத்தினார். சுவர், தூண், வளைவு, விதானம் எங்கும் வர்ணம்! இராமாயணக் கதை ஒரு பக்கம். தஞ்சை மராட்டியருடன் நடந்த யுத்தம் மற்றொரு பக்கம். சேதுபதியின் அந்தப்புர வாழ்க்கை வேறொரு பக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முத்துவிஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில் தீட்டப்பட்டவை இவை. சில இடங்களில் வர்ணம் மங்கிப்போயிருக்கிறது. இருந்தாலும் என்ன? சிவப்பும் மஞ்சளும் இன்னும் கண்ணைப் பறிக்கின்றன.

ஒரு சித்திரத்தின் முன் வெகு நேரம் நின்றோம். சேதுபதியின் சபைக்கு ஐரோப்பியர் வந்திருக்கும் காட்சி அது. கடற்கரையில் வியாபாரம் செய்ய வேண்டுமானால் சேதுபதியின் தயவு வேண்டியிருந்த காலம்!

அதே மண்டபத்தில் 1798 செப்டம்பரில் நடந்தது வேறு காட்சி. கும்பினியின் கலெக்டர் ஜாக்சன், பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மனைக் குற்றாலம் முதற்கொண்டு ஊர் ஊராக அலையவைத்து, கடைசியில் இங்கேதான் பேட்டி கொடுத்தார், அதுவும் நிற்கவைத்து. பேட்டி கைகலப்பில் முடிந்தது. லெப்டினென்ட் கிளார்க் மாண்டார்; கட்டபொம்மன் தப்பினார்; அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அடுத்த ஆண்டு, 1799 அக்டோபர் 16-ஆம் தேதி, கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

அப்போது இந்த அரண்மனைக்கு உரிய சேதுபதி எங்கே? கும்பினியாரின் சிறையில்! முத்துராமலிங்க சேதுபதியை 1795-இல் பதவியிலிருந்து நீக்கிச் சிறைவைத்திருந்தார்கள். 1809-இல் சென்னைக் கோட்டையில் அவர் உயிர் நீத்தார். மூதாதையர் சபையில் ஐரோப்பியர் வந்து காத்திருந்ததற்கும் இதற்கும் இடையில் நூறு வருஷங்கூட ஆகவில்லை.

"கட்டபொம்மன் நின்றது எந்த இடம்?" என்று நண்பர் மெதுவாகக் கேட்டார். எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர் தரையைப் பார்த்தார். மறுபடியும் அந்தச் சித்திரத்தை அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலியைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

ரயில் தவறிவிட்டது. பஸ் ஏறிப் பாம்பன் கடலைத் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது.