கறிக்கடைக்காரர் மகளும் மேற்கோள் கணக்கும்

ஹங்கேரியில் கிசூய்சாலாஷ் என்ற சிற்றூர். தண்ணீர்க் குழாய் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, டிவி இல்லை. அப்படி ஒரு சின்ன வீட்டில் வளர்ந்தவர் கட்டலின் கரிக்கோ. அப்பா இறைச்சி வெட்டும் தொழிலாளி. அந்த மகள்தான் 2023ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அதற்கு முன் பல ஆண்டுகள் அவரை ஓரங்கட்டியது ஒரு கணக்கு. பிஎச்.டி.க்குப் போகும் நம் பிள்ளைகளையும் அது விடுவதில்லை: "எத்தனை பேப்பர்? எத்தனை சைட்டேஷன்?"

சைட்டேஷன் என்றால் மேற்கோள். நீங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் ஆதாரமாகக் காட்டினால் உங்கள் கணக்கில் ஒன்று ஏறும். 'எச்-இன்டெக்ஸ்' என்றும் ஓர் எண் உண்டு. அது 10 என்றால், உங்கள் கட்டுரைகளில் 10, ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை மேற்கோள் பெற்றிருக்கிறது என்று பொருள். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005ல் இதை முன்வைத்தார். வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி என எல்லாவற்றிலும் இத்தகைய எண்களுக்குச் செல்வாக்கு உண்டு.

அதே 2005ல்தான் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மன் என்ற நோய் எதிர்ப்பியல் ஆய்வாளரும் 'இம்யூனிட்டி' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உடலுக்குள் எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் சீட்டு எம்ஆர்என்ஏ. அதை ஆய்வகத்தில் செய்து உள்ளே செலுத்தினால், அந்நியன் வந்துவிட்டான் என்று உடல் கொதித்தெழும், வீக்கம் வரும். அந்தச் சீட்டில் உள்ள யூரிடின் என்ற எழுத்தைச் சற்றே மாறுபட்ட சூடோயூரிடினாக மாற்றினால் உடல் சும்மா இருக்கும் என்று இவர்கள் கண்டுபிடித்தார்கள். முதலில் அனுப்பிய பெரிய இதழ், பெரிதாக ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. வெளிவந்த பிறகும் பரபரப்பு ஏதும் இல்லை.

நிதி கிடைக்கவில்லை என்பதால் 1995லேயே பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவி இறக்கியிருந்தது. 2013ல் அங்கிருந்து வெளியேறி, ஜெர்மனியின் பயோஎன்டெக் நிறுவனத்துக்குப் போனார். 2020ல் ஃபைசர்-பயோஎன்டெக், மாடர்னா தடுப்பூசிகள் அந்தக் கண்டுபிடிப்பின் மீதே எழுந்தன. (நம் ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் இந்த வகை அல்ல.) இன்று அந்தக் கட்டுரைக்கு மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில். கட்டுரையில் ஒரு வரியும் மாறவில்லை, பார்த்தவர்கள்தான் மாறினார்கள்.

எண் நேர்மையானது, அதற்கு ஆள் தெரியாது என்பார்கள். அமெரிக்காவில் 2011ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு வேறு சொன்னது. படிப்பு, பயிற்சி, வெளியீடுகள் எல்லாவற்றையும் ஈடுகட்டிக் கணக்குப் போட்ட பிறகும், கறுப்பின விண்ணப்பதாரர்களுக்குத் தேசிய சுகாதார நிறுவன நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு. ஒரே தகுதி, வேறு முடிவு. சேரியிலிருந்து ஆய்வகத்துக்குப் போகும் மாணவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் கணக்கைத் தெரியாமல் இருக்கக் கூடாது. அந்த 2005 கட்டுரையில் முதல் பெயர் கரிக்கோ, கடைசிப் பெயர் வைஸ்மன். உயிரியல் துறைகளில் வேலையை முன்னின்று செய்தவர் முதலில், ஆய்வகத் தலைவர் கடைசியில் என்பது வழக்கம். நம் நாட்டில் இந்த வரிசைக்கு மதிப்பெண்ணே உண்டு. கல்லூரி ஆசிரியர் பணிக்கு யூஜிசி 2018ல் வகுத்த விதியின்படி, இரண்டு பேருக்கு மேல் எழுதிய கட்டுரையில் முதல் ஆசிரியருக்கும் பொறுப்பாசிரியருக்கும் 70 சதவீதம், மற்றவர்களுக்கு 30தான். இரவெல்லாம் சோதனை செய்தவரின் பெயர் நடுவில் போய்விட்டால் பாதிக்கு மேல் போச்சு.

எனவே கட்டுரை இதழுக்குப் போகும் முன்பே, வேலை தொடங்கும்போதே, யார் பெயர் எங்கே வரும் என்று கைடிடம் கேட்டுவிடுங்கள். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள்; பதிலும் எழுத்தில் இருக்கும். ஆய்வக நோட்டில் அன்றன்றைய வேலையைத் தேதியிட்டு எழுதி வையுங்கள்.